ஃப்ரிட்ஜில் ஒட்டிய 910

கேள்வி: எனக்கு 44 வயது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சத்துவாச்சாரியில் சொந்த வீடு. மாடியில் நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். அம்மா போன பிறகு கீழே அப்பா மட்டும் இருக்கிறார், 76 வயது. சமையலறை கீழேதான். அவர் அறையில் இருப்பது 2014-ல் வாங்கிய ஒன்றரை டன் ஏசி. முன்பு அது எங்கள் அறையில் இருந்தது. 2021-ல் எங்களுக்குப் புதிதாக வாங்கியபோது இதைக் கீழே மாற்றினோம். அதற்குப் பிறகு மூன்று முறை கேஸ் நிரப்பியாயிற்று. இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. ஒரு மெக்கானிக் காயில் போய்விட்டது, கேஸோடு 11,000 என்கிறார். இன்னொருவர் கம்ப்ரஸரும் வீக், 19,000 ஆகும் என்கிறார். கடையில் பழசை எடுத்துக்கொண்டு 42,000 கேட்கிறார்கள். அப்பா ஏசி வேண்டாம் என்கிறார். பஸ் டிரைவராக முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவர், சூடு பழகிவிட்டது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நலம். ராத்திரி கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கரண்ட் விஷயத்தில் எல்லோருக்கும் பொறுப்பு வரட்டும் என்று ஒவ்வொரு முறையும் யூனிட்டைக் கண்ணாடி போடாமலே தெரியும்படி பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறேன். போன வருஷம் இதே சமயம் 940. இந்த முறை அப்பா ஏசியே போடாமல் 910. போட்டால் ஆயிரத்தைத் தாண்டும். ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா, அப்படியே விட்டுவிடலாமா? கத்திரிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.
(பெயர் வேண்டாம், வேலூர்)

பதில்: பங்குனி பிறந்தால் எனக்கு ஏசிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ரிப்பேரா புதுசா, மாமியார் அறைக்கா பையன் அறைக்கா. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்துவிட்டு அடுத்ததைப் பிரித்திருப்பேன். ஃப்ரிட்ஜில் ஒட்டிய காகிதம் விடவில்லை.

கண்ணாடி போடாமலே தெரியும்படி எழுதினேன் என்கிறீர்கள். யாருக்குத் தெரியும்படி, தம்பி? ரீடிங் எடுத்ததும் மொபைலுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்துத்தானே எழுதினீர்கள்? அப்படியென்றால் உங்கள் கண்ணுக்குக் குறையில்லை. மனைவிக்குத் தெரிய வேண்டுமென்றால் அதையே அவருக்கு அனுப்பியிருக்கலாம். மகளுக்கு என்றால் வாயால் சொல்லியிருக்கலாம். நான்கு பேர் இருக்கும் வீட்டில், தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது கண்ணாடி இல்லாமல் நிற்பவர் ஒருவர்தான். அந்தக் காகிதம் அவர் பெயருக்குப் போட்ட தபால். அவர் அதைப் படித்தார். ஏசியை நிறுத்திவிட்டு நாற்காலியைக் கேட் பக்கம் கொண்டுபோனார். உங்களிடம் 'பழகிவிட்டது' என்றார். நீங்களும் நம்பிவிட்டீர்கள், அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

சரி, அந்தக் காகிதத்தில் இருக்கும் கணக்காவது ஒழுங்கா? போன வருஷம் 940, இந்த வருஷம் அப்பா போடாமல் 910. இரண்டு மாதத்தில் 30 யூனிட் குறைந்திருக்கிறது. உங்கள் பழைய ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரி ஓடினாலே எட்டு பத்து யூனிட் இழுக்கும். அப்படிப் பார்த்தால் போன வருஷமே இரண்டு மாதத்தில் மூன்று நான்கு ராத்திரிக்குத்தான் அவர் அதைப் போட்டிருக்கிறார். மீதி யார் செலவு? மாடி ஏசி, மோட்டார், ஹீட்டர், இன்டக்‌ஷன், சத்தம் போட்டபடி ஓடும் அந்த ஃப்ரிட்ஜ். நீங்கள் எரித்த 910-ஐ நீங்களே பெரிதாக எழுதி, எரிக்காதவர் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறீர்கள். ஷூ கம்பெனியில் ஒருவன் வெட்டிய தோலுக்கு இன்னொருவன் பெயரில் சேதாரம் எழுதினால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?

இன்ஜின் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட இன்ஜின் இருக்கும், அதில் கை வைக்க முடியாது. நானும் திருவண்ணாமலை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து கால் வெந்து வந்தவள்தான். ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கியது 35 வயது உடம்பு. 76 வயது உடம்பில் வியர்வை குறைந்துவிடும். தாகமும் சரியாகத் தெரியாது, உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகும் 'வேண்டாம்' என்பார்கள். பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரியவைக்கும், தண்ணீர் இன்னும் குறையும். அப்பாவின் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அறையின் காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் குளிர்ச்சி தராது, வியர்வையை உலர்த்திக் கொடுக்கும், அவ்வளவுதான். வியர்க்காத உடம்புக்கு அந்த உதவியும் கிடைக்காது.

இது நம் ஊரில். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலைக்கு மரம்தான் திரும்பவில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய பாறை ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. 'வேலூரில் 106, 108 டிகிரி' என்று பேப்பரில் வருவது பகல் கணக்கு. பதினோரு மணிக்குக் கீழறைச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காற்றுக்காகத்தான் கேட் பக்கம் உட்கார்கிறார் என்றால் பழகிவிட்டது என்பது பொய் என்று அந்த நாற்காலியே சொல்கிறதே.

எங்களுடையது குடியாத்தத்தில் தறி வீடு. அப்பா மோர் வேண்டாம் என்பார், சளி பிடிக்குமாம். புது வேட்டி வேண்டாம் என்பார், பழசுதான் உடம்புக்கு மெத்தென்று இருக்குமாம். அவர் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் எழுதிவைத்தால், வீட்டில் போதாமல் இருந்தவற்றின் பட்டியல் ஆகிவிடும். இது எனக்குப் புரிந்தபோது எனக்கு ஐம்பது வயது, அப்பா இல்லை. பெற்றவர்களின் 'வேண்டாம்' என்பதைப் பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. காலம் மாறிவிட்டது, அவரவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. மதியுங்கள். பில்லை முகத்துக்கு நேரே ஒட்டிவிட்டு விருப்பத்தைக் கேட்காதீர்கள்.

இனி ஏசி.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றும். குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. மூன்று முறை நிரப்பியவர்கள் ஒருமுறையாவது கசிவைத் தேடினார்களா? நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் நிரப்பியது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை. கசிவு எப்போது தொடங்கியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கீழே மாற்றிய பிறகு. ஷிஃப்டிங்கில் செம்புக் குழாயைக் கழற்றி, வாயை மறுபடி விரித்து, நட்டைப் போட்டு இறுக்குவார்கள். அங்கேதான் பெரும்பாலும் கோளாறு வரும். (புதியது மாடியில் தங்கியது, பழையது கீழே இறங்கியது. இதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம், இடமில்லை.) அவுட்டோர் சந்தில் திறந்த சாக்கடைக்கு மேல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். சாக்கடை வாயு செம்புக் காயிலை அரிக்கும்.

ஏழெட்டு வயது ஏசியாக இருந்து, கசிவும் இணைப்பில்தான் என்றால், சில ஆயிரத்தில் சரிசெய்து ஓட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன். கம்ப்ரஸர் வீக் என்ற பேச்சைக்கூடச் சட்டென்று நம்ப வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் கெபாசிட்டர் போனாலும் கம்ப்ரஸர் கிளம்பாமல் முனகும். ஆனால் உங்களுடையது 2014 மாடல். அந்தக் காலத்து ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-22 கேஸ், பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்தக் கேஸை 2030-க்குள் ஒழிக்க இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. இனி அது கிடைப்பது குறையும், விலை ஏறும். 'வேற கேஸ் போட்டுக்கலாம் சார்' என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போதைய ஆர்-32 அதைவிட அதிக அழுத்தத்தில் ஓடுவது, அதற்கு எண்ணெயும் வேறு. கொஞ்சம் தீப்பற்றக்கூடியதும்கூட. பழைய கம்ப்ரஸர் அதைத் தாங்காது.

ஆகவே 11,000 வேண்டாம், 19,000 நிச்சயமாக வேண்டாம். புதிது வாங்குங்கள்.

42,000 தேவையா என்றால், அதுவும் தேவையில்லை. மேலே இன்னொரு தளம் இருக்கும் கீழறைக்கு நேர் வெயில் மேற்கூரையில் விழாது. பத்துக்குப் பன்னிரண்டு மாதிரி சாதாரண அறை என்றால் ஒரு டன் போதும், விலையும் இறங்கும். ஒன்றரை டன் உங்கள் மாடி அறைக்கு வாங்கியது, இவர் அறையை அளந்து வாங்கியதில்லை. இன்வெர்ட்டர் வகையாக எடுங்கள். அறை குளிர்ந்த பிறகு நின்று நின்று கிளம்பாமல் மெதுவாக ஓடும், படபடவென்று சத்தம் வராது, வயதானவர் தூக்கம் கெடாது. நட்சத்திரத்தை எண்ணும்போது லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை 2018-லும் 2022-லும், மறுபடி 2026 ஜனவரியிலும் கடுமையாக்கியிருக்கிறார்கள். பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து இல்லை. 2025 செப்டம்பரில் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது, பில்லில் அதைச் சரிபாருங்கள். மாட்ட வருகிறவர் பழைய செம்புக் குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்பார். விடாதீர்கள், உள்ளே பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும். வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகே கேஸைத் திறக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். அரை நாள் லீவு போடுங்கள், அப்பாவுக்காகத்தானே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரண்ட் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்வது உங்கள் வீட்டில் நடக்காது. பழைய ஏசி ராத்திரி முழுக்க ஓடிய வீட்டில்தான் புதியது மிச்சம் பிடிக்கும். உங்கள் கீழறையில் இப்போது ஓடுவது பூஜ்யம். 26-ல் வைத்து ஃபேனையும் போட்டால் ஒரு டன் இன்வெர்ட்டர் ராத்திரிக்கு மூன்று நான்கு யூனிட் எடுக்கும், இரண்டு மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். நீங்கள் இருக்கும் 900-க்கு மேற்பட்ட கணக்கில் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டும். ஆக மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடும். கூடட்டும். உங்கள் படிப்புக்கு அவர் கட்டிய ஃபீஸை எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை.

பில்லைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் மாடிப்படி ஏறுங்கள். உங்கள் ரிமோட்டில் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? 2020-லிருந்து புது ஏசிகளெல்லாம் 24-ல் கிளம்பும்படி அரசே விதி போட்டது, ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்று கணக்கும் சொன்னது. நீங்கள் 20-லோ 21-லோ போர்வை போர்த்திப் படுக்கிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். 26-க்கு ஏற்றினால் அப்பா செலவழிக்கப்போவதில் பெரும் பங்கு அங்கேயே வந்துவிடும்.

கத்திரி மே முதல் வாரம் தொடங்கும். அதற்குள் போனால்தான் மாட்டித்தர ஆள் கிடைப்பார்கள், அப்புறம் பத்து நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அப்பாவிடம் 'வாங்கட்டுமா' என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்பார். வாங்கி மாட்டிவிட்டு, பழசு கெட்டுவிட்டது அதனால் மாற்றினேன் என்று சொல்லுங்கள். முதல் பத்து நாள் ராத்திரி பத்து மணிக்கு நீங்களே இறங்கிப்போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். நாற்காலியையும் உள்ளே எடுத்துப் போடுங்கள்.

காகிதத்தை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். அவர் தூங்கிய பிறகு கிழிக்காதீர்கள், பார்க்கும்போது கிழியுங்கள். கடைக்குப் போனதும் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்கள் பெரிதாக இருக்கிற மாடலாகக் கேளுங்கள், கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும்.