வி.ஆர்.எஸ். எழுதுவதற்கு முன் ஒரு வாரக் கணக்கு

கேள்வி: அரசு வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன். வயது 50, பணியில் சேர்ந்தது 1999-ல். 2020-ல் எங்கள் வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்தார்கள். சம்பளம் குறையவில்லை, பதவியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காலையில் கிளைக்குக் கிளம்பவே மனசு வரமாட்டேன் என்கிறது. போன வாரம், பத்து வருடமாக எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் பாத்திரக் கடைக்காரர் 3 லட்சம் கடன் கேட்டார். "அப்லோட் பண்ணியிருக்கேன், மேலிருந்து வரட்டும்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடலாமா?

பதில்: மேடம், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்தப் பாத்திரக் கடைக்காரர் கதை, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வங்கி அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது இதை அடிக்கடி கேட்கிறேன். முன்பு கடை வாசலைப் பார்த்து, சரக்கு எப்படிப் போகிறது என்று பார்த்து, மேலாளரே கையெழுத்துப் போட்ட கடன் இன்று செயலாக்க மையத்துக்குப் போகிறது. முடிவு அங்கே. ஆனால் தவணை நின்றால் கடைக்காரர் வீட்டுக்கு நடப்பது நீங்கள், சாயங்கால வீடியோ ரிவ்யூவில் "உங்க கிளையில ஏன் இவ்வளவு வாராக்கடன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் நீங்கள். ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதைச் சொல்லிவிட்டார்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை நொறுக்குவதில்லை, அதிக வேலையும் குறைந்த அதிகாரமும் ஒரே நாற்காலியில் சேர்ந்து உட்காரும்போதுதான் ஆள் உள்ளுக்குள் தேய்கிறார். சம்பளம் குறையாதது உங்களுக்கு ஆறுதல் தராததில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ல் 10 அரசு வங்கிகளை 4 ஆக்கினார்கள். 2017-ல் 27 ஆக இருந்த அரசு வங்கிகள் 12 ஆகிவிட்டன. ஊரடங்கு தொடங்கி அப்போது ஒரு வாரம்கூட முழுசாக ஆகியிருந்ததோ இல்லையோ, இரண்டு வங்கி ஆட்களும் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமலே ஒன்றாகிவிட்டார்கள். சம்பந்தம் பேசியவர்கள் டெல்லியில், குடித்தனம் நடத்துவது நீங்கள். "அவங்க பேங்க் ஆளு, நம்ம பேங்க் ஆளு" என்ற பேச்சு இன்னும் சில கிளைகளில் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, என்ன செய்வது? ஒரு வாரம் மட்டும் ஒரு கணக்கு எழுதுங்கள். டைரியில் பக்கத்தை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் நீங்களே முடிவெடுத்தவை, மறு பக்கம் வெறுமனே மேலே அனுப்பியவை. கவுண்டரில் யார் உட்காருவது, முதியோர் பென்ஷன் வாங்க வரும் நாளில் வரிசையை எப்படி விடுவது, புதிதாக வந்த உதவி மேலாளருக்கு எந்த வேலையைப் பழக்குவது, இதெல்லாம்கூட முடிவுதான். வாரக் கடைசியில் முதல் பக்கம் ஓரளவு நிரம்பியிருந்தால் அதைப் பெருக்கப் பாருங்கள். கிட்டத்தட்ட காலி என்றால் மண்டல மேலாளரிடம் போங்கள், ஆனால் "மனசு சரியில்லை சார்" என்று போகாதீர்கள், அதற்கு அவரிடம் மருந்து இல்லை. கடன் செயலாக்க மையத்துக்கோ, ஆய்வுப் பிரிவுக்கோ, பயிற்சி நிலையத்துக்கோ மாற்றல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆளைப் பார்த்துக் கடனை எடைபோடத் தெரிந்தவர் நீங்கள், மையத்துக்கு அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

அப்புறம், உங்களுக்கே ஒப்பாத சர்குலரை ஊழியர்களிடம் ஒப்புக்கொண்டதுபோல நடிப்பதையும் விட்டுவிடுங்கள். "இது ஏன்னு எனக்கும் தெரியலை, ஆனா நம்ம கிளையில இப்படிச் செய்யலாம்" என்றால் யாரும் உங்களை இளக்காரமாக நினைக்கப்போவதில்லை.

வி.ஆர்.எஸ். விஷயத்தில் அவசரம் வேண்டாம். வங்கி ஊழியர்களுக்கான 1995 பென்ஷன் விதிகளின்படி 20 வருடத் தகுதிப் பணி (பென்ஷனுக்குக் கணக்கில் வரும் பணி) முடித்தவர் 3 மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம், அந்தத் தகுதி உங்களுக்கு இருக்கிறது. ஆனால் முழு பென்ஷன் 33 வருடப் பணிக்குத்தான், குறைந்தால் விகிதப்படிதான் வரும். முக்கியமாக, கோபத்தில் 'ராஜினாமா' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலமே கணக்கில் வராமல் போய்விடும், பென்ஷனும் அதோடு போச்சு. கடிதம் எழுதுவதற்கு முன்னால் பென்ஷன் பிரிவில் உங்கள் பணிப் பதிவேட்டை வைத்து உத்தேசத் தொகையைப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டைரியோடு சேர்த்து அதையும் வீட்டில் காட்டிப் பேசுங்கள்.