அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில் 1,000 டாலருக்கு வீடு கிடைக்கிறதாமே, ஏன் அவ்வளவு மலிவு? நம்பி வாங்கலாமா?

1950இல் அங்கே 18.5 லட்சம் பேர். 2020இல் சுமார் 6.4 லட்சம்தான். கார் ஆலைகள் புறநகருக்கும் வெளிமாநிலங்களுக்கும் இடம்மாற, ஆட்களும் கிளம்பினார்கள். வீடு எங்கே போகும்? வாங்க ஆளில்லாமல், கட்டிய செலவுக்கும் கீழே விலை இறங்கியது. அப்புறம் யார் பழுது பார்ப்பார்கள்? 3 ஆண்டு சொத்துவரி நிலுவை விழுந்தால் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) பறிமுதல் செய்யும். அப்படிப் போனவற்றில் பல, நகரின் நில வங்கிக்கு, அதாவது இத்தகைய சொத்துகளை வைத்திருந்து விற்கும் பொது அமைப்புக்கு, வந்து சேர்ந்தன.

1,000 டாலர் என்பது அந்த நில வங்கி வைக்கும் ஏலத்தின் தொடக்க விலை மட்டுமே. வாங்கியவர் பொதுவாக 6 மாதத்துக்குள் குடியிருக்கத் தக்கதாக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் கதை தெரியும்: செப்புக் குழாய்களைத் திருடர்கள் சுவரை உடைத்து உருவியிருப்பார்கள், வெந்நீர்க் கொதிகலன் இருக்காது. தண்ணீரை வடிக்காமல் விட்ட குழாய்கள் பனிக்காலத்தில் உறைந்து வெடித்திருக்கும். கூரை ஒழுகினால் தளப்பலகை வரை உளுத்திருக்கும். ஆகவே முதலில் நிலவறையையும் கழிவுநீர்க் குழாயையும் சோதியுங்கள், பெயின்ட் கடைசி.

செலவழித்த தொகை வீட்டின் விற்பனை விலையைத் தாண்டிவிடலாம் என்பதால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது, கைப்பணம் வேண்டும். பழைய உரிமையாளர் கட்டிய வரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மிச்சிகன் சட்டப்படி, வரிக்கான மதிப்பை அதிகம் ஏறாமல் பிடித்திருந்த உச்சவரம்பு, கைமாறிய மறு ஆண்டே நீங்கிவிடும்; வரி கூடலாம்.