கோட் ப்ளூ முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம்

கேள்வி: பெங்களூருல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூல இன்சார்ஜ் சிஸ்டரா இருக்கேன். கோட் ப்ளூ (இதயம் நின்னு போன பேஷன்ட்டைக் காப்பாத்த டீமே ஓடி வர்ற அவசர அழைப்பு) முடிஞ்சதும் டாக்டர் நோட்ஸ் எழுதப் போயிடுவார், நாங்க அடுத்த பெட்டுக்கு ஓடிடுவோம், இல்லன்னா எல்லார் முன்னாடியும் யாராவது ஒரு பொண்ணுக்கு திட்டு விழும். இப்போ மேனேஜ்மென்ட்ல இனிமே டீப்ரீஃபிங் (நடந்ததை டீமா உடனே பேசிப் பார்க்கறது) பண்ணணும், நர்ஸே நடத்தட்டும்னு சொல்லிட்டாங்க. கன்சல்டன்ட் நின்னா எங்க பொண்ணுங்க வாயே திறக்க மாட்டாங்க, இவங்களை எப்படி தயார் பண்றது?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சிஸ்டர், இது உங்க தலையில கட்டின எக்ஸ்ட்ரா வேலைன்னு நினைக்காதீங்க, நர்ஸ் நடத்தறதுதான் சரி. கோட் நடத்தின டாக்டரே கேள்வியும் கேட்டா மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கனடாவுல கால்கரி எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்ல சார்ஜ் நர்ஸ்தான் இதை நடத்தறாங்க, அந்த முறையைப் பத்தி 2018-லயே எழுதியிருக்காங்க, இன்ஃபோ (INFO)ன்னு பேரு, நாலு எழுத்துக்கும் நாலு விதி. உடனே பண்ணணும், தனி ஆளை எடை போடக் கூடாது, சட்டுனு முடிக்கணும், யார் வேணா கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். நம்ம ஆபரேஷன் தியேட்டர்லயும் உலக சுகாதார நிறுவனத்தோட செக்லிஸ்ட்ல கடைசி பகுதி, மாப் (ரத்தம் ஒத்தற துணி) கவுண்ட் நீடில் கவுண்ட் எல்லாம், வாய்விட்டு சொல்றது சிஸ்டர்தானே!

லெக்சர் போட்டு இது வராது. மேனிகின் (பயிற்சி பொம்மை) வச்சு மாக் டிரில் பண்றப்போ ஒவ்வொரு தடவையும் வேற வேற பொண்ணு நடத்தட்டும், அப்புறம் நிஜத்துல நல்லா முடிஞ்ச கேஸ்ல ஆரம்பிங்க, நல்லா போன இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறது) மாதிரி, ஏன்னா மோசமான கேஸ்லதான் டீப்ரீஃபிங்னு ஆயிட்டா கூப்பிட்டாலே பயப்படுவாங்க. ஆரம்பிக்கிற வரியை மனப்பாடமே பண்ண வைங்க: "எல்லாரும் ஓகேவா? அஞ்சு நிமிஷம் பேசலாம், யார் மேலயும் தப்பு கண்டுபிடிக்க இல்ல. நடந்ததை நான் சுருக்கமா சொல்றேன், விட்டுப் போனதை சேருங்க." கை நடுங்கினாலும் மனப்பாடமான வரி வந்துடும்.

அடுத்தது கேள்வி கேட்கற விதம், நிஜமான டிரெயினிங் இங்கதான். "அட்ரினலின் ஏன் லேட்டு?"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு அழுதுடுவா, இல்ல பொய் சொல்லுவா. "முதல் அட்ரினலின் எத்தனை மணிக்குப் போச்சு, அதுக்கு முன்னாடி கார்ட் பக்கம் என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க, க்ராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) சீலை வெட்ட கத்தரிக்கோல் தேடினோம்னு வெளிய வரும். அசிஸ்டோல்ல (இதயத் துடிப்பு முழுசா நின்ன நிலையில) அட்ரினலின் எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது, அதனால ஒரு கத்தரிக்கோலை கார்ட்லயே கட்டி வைக்கறது பெரிய விஷயம். யார் கட்டுவாங்க, என்னிக்குள்ளன்னு அங்கயே முடிவாகணும், இல்லன்னா பேசினது வீண்.

கேட்டுட்டு வாயை மூடிக்கணும், பாடம் எடுக்க ஆரம்பிச்சிடக் கூடாது, நம்ம சீனியர் சிஸ்டர்ஸுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம். முதல்ல ஜூனியர் பேசட்டும், கம்ப்ரெஷன் குடுத்த (நெஞ்சை அமுக்கின) பையன், ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளிட்டு வந்த ஆயாம்மா, இவங்களையும் கேளுங்க, கன்னடமோ தமிழோ ஹிந்தியோ அவங்கவங்களுக்கு வர்ற பாஷையில பேசட்டும், இங்கிலீஷ்லதான் பேசணும்னா பாதிப் பேர் அமைதியாயிடுவாங்க. கன்சல்டன்ட்கிட்ட முன்கூட்டியே தனியா பேசி, "சார், நீங்க கடைசியா பேசுங்க, நீங்களே வேற மாதிரி பண்ணியிருக்கலாம்னு தோணற ஒரு விஷயத்தையும் சொல்லுங்க"ன்னு கேளுங்க. பெரியவர் அப்படி ஒண்ணு சொன்னாப் போதும், மத்தவங்க பயம் பாதி போயிடும்.

யாராவது உடைஞ்சு போனா அங்கயே தோண்டாதீங்க, இது கவுன்சிலிங் கிடையாது. அதிர்ச்சியான சம்பவத்துக்கு அப்புறம் ஒரே ஒரு சிட்டிங் உட்கார வச்சு மனசைக் கொட்டச் சொல்றது பின்னாடி வர்ற பிடிஎஸ்டியை (அதிர்ச்சியால வர்ற மனநலக் கோளாறை) தடுக்கலைன்னு, மருத்துவ ஆய்வுகளை அலசற காக்ரேன் அமைப்போட ஆய்வுத் தொகுப்பே சொல்லியிருக்கு. டியூட்டி மாத்தி விடுங்க, டீ குடிக்க அனுப்புங்க, மறுநாள் போன் பண்ணி விசாரிங்க, தேவைப்பட்டா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: டீப்ரீஃபிங் ஷீட்ல எழுதினதை வச்சு நாளைக்கு மெமோ குடுக்க மாட்டாங்களா?
- ஸ்டாஃப் நர்ஸ், விவேக் நகர்

பதில்: பயம் நியாயம்தான். ஷீட்ல யார் பேரும் வேண்டாம்மா, பேஷன்ட் பேரும் வேண்டாம். என்ன சரியாப் போச்சு, எதை மாத்தணும், பொறுப்பு எந்தப் பதவிக்கு, இது மட்டும் போதும். மருந்து மாறிப் போன மாதிரி விஷயத்துக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட் தனியா கட்டாயம் போடணும், ரெண்டையும் கலக்காதீங்க. ஒரு தடவை ஷீட்டை வச்சு மெமோ வந்துட்டா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கிட்ட இதை எழுத்துல வாங்கிடச் சொல்லுங்க உங்க இன்சார்ஜை.