டாக் லெவலர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

லாரி வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு மேடைதான் டாக். அதற்கும் லாரித் தளத்துக்கும் நடுவே பாலமாகப் போடப்படும், ஹைட்ராலிக்கில் எழும்பி இறங்கும் தகடுதான் லெவலர்.

கேள்வி: எங்கள் கிடங்கின் டாக் 1.2 மீட்டர் உயரம். 32 அடி கன்டெய்னர் லாரியும் வருகிறது, குட்டியானையும் வருகிறது. 2 மீட்டர் லெவலர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா?
– வாசகர், ஒரகடம்

32 அடி லாரிக்குப் போதும், குட்டியானைக்கு ஆகாது. தகடு 2 மீட்டர், அதன் நுனியில் மடங்கித் தொங்கும் லிப் 40 செ.மீ.; விரிந்தால் மொத்தம் 2.4 மீட்டர். லெவலருக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1398, சரிவு 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2.4 மீட்டரில் அது சரியாக 30 செ.மீ. லாரியின் தளம் டாக்கைவிட அதற்கு மேல் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் இந்த லெவலர் பொருந்தாது. குட்டியானையின் தளம் அந்த வரம்புக்கும் கீழே போய்விடும். அதற்குத் தரைமட்டத்தில் தனி வாசலோ, சிசர் லிஃப்ட்டோ (கத்தரிக்கோல் போல் விரியும் கால்களில் ஏறி இறங்கும் மேடை) வைத்துவிடுங்கள்.

இந்த 12.5 சதவீதத்தை ஹேண்ட் பேலட் டிரக்குக்கும் பொருத்திவிடாதீர்கள். ஒரு டன்னைக் கையால் இழுக்கும் லோடுமேனுக்கு 3 சதவீதச் சரிவே, அதாவது சுமார் 7 செ.மீ. வித்தியாசமே, பெரும்பாடு. இறக்கத்தில் பாரம் அவரை நோக்கித்தான் உருண்டு வரும். கை வேலை அதிகமுள்ள இடமென்றால் 2.5 அல்லது 3 மீட்டர் தகடு கேளுங்கள். விலை கூடினாலும் அதுதான் சரி.

கேள்வி: சரக்கு ஏற ஏற லாரி தாழ்கிறது, இறக்கினால் உயர்கிறது. அதற்கேற்பப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். பட்டனை அழுத்தினால் தகடு முழு உயரத்துக்கு எழும்; அதன்பின் ஆயில் லிப் சிலிண்டருக்குப் போய் லிப் விரியும். கையை எடுத்தால் தகடு தன் எடையிலேயே மெல்ல இறங்கி, லிப் லாரித் தளத்தில் உட்காரும். அதன்பின் லாரி தாழ்ந்தால் தானும் தாழ்ந்து, உயர்ந்தால் தானும் உயரும்.

ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது, லிப் எவ்வளவு ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதை. குறைந்தது 10 செ.மீ. வேண்டும். 40 செ.மீ. லிப்பில் டாக்கின் முகப்பிலுள்ள ரப்பர் பம்பரே 10 செ.மீ. எடுத்துக்கொள்ளும், லாரி கொஞ்சம் தள்ளி நின்றாலும் மிச்சம் சுருங்கிவிடும். ஆரம்பத்தில் 10 இருந்தாலும் போதாது, அது நிலைக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் லாரி இம்மி இம்மியாக முன்னால் நகரும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். டிரைவரிடம் சாவியை வாங்கி டாக்கில் மாட்டி வையுங்கள். பில்லில் கையெழுத்தான பிறகே திருப்பிக் கொடுங்கள். லாரி திடீரென்று கிளம்பினால், தகடு வேகமாகச் சரியாமல் பிடிக்க ஹைட்ராலிக் லைனில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அது தகட்டைத்தான் பிடிக்கும். பாதி லாரியிலும் பாதி லிப்பிலும் நிற்கிற ஃபோர்க்லிஃப்ட்டை எந்த வால்வும் காப்பாற்றாது.

கேள்வி: மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தகடு எழவில்லை. ஆயில் மாற்றியும் பயனில்லை.
– வாசகர், ஓசூர்

ஆயிலை மாற்றும் முன்பே ஃபேஸைப் பார்த்திருக்கலாம். ஈபி வேலை, ஜெனரேட்டர் மாற்றம், பேனலில் ஒயர் கழற்றி மாட்டியது என்று சமீபத்தில் ஏதாவது நடந்ததா? த்ரீ ஃபேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பம்ப் அழுத்தம் கொடுக்காது. மோட்டார் மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்து, எலெக்ட்ரீஷியனை விட்டு இரண்டு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். நீண்ட நேரம் அப்படியே ஓடவிட்டால் பம்ப் கெடும்.

சுற்று சரியென்றால் ஆயில் மட்டம், பிறகு டேங்க் ஃபில்டர், அதன்பின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) என்று வரிசையாகப் பாருங்கள். தகடு எழுந்தும் லிப் மட்டும் விரியவில்லையென்றால், முதலில் கீலைப் பாருங்கள். மண்ணும் துருவும் இறுகிக் கிடந்தால், சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததுமே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: லெவலர் 6 டன். ஃபோர்க்லிஃப்ட் 3 டன். தாராளம்தானே?
– வாசகர், திருவள்ளூர்

இல்லை. 3 டன் என்பது அது தூக்கும் சுமை. 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே 4 டன்னைத் தாண்டும். சுமையோடு 7 டன்னுக்கு மேல். 6 டன் லெவலரில் அதை ஏற்றாதீர்கள். தகட்டுக்கு அடியில் குறுக்கே ஆங்கிள் வெல்டு செய்து "பலப்படுத்தும்" வேலையும் வேண்டாம். லாரி ஒரு பக்கம் சாய்ந்தால் தகடும் முறுகிக் கொடுக்க வேண்டும். முறுகாவிட்டால் லிப்பின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், மொத்தப் பாரமும் மறுமூலையில் விழும்.

கேள்வி: லெவலர் தகட்டுக்கு அடியிலுள்ள குழியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?
– வாசகர், தூத்துக்குடி

வாரம் ஒருமுறை. ஸ்ட்ரெச் ஃபிலிமும் பேலட் கட்டைத் துண்டும் உள்ளே சேர்ந்தால் தகடு முழுதாக இறங்காது. மழைக்காலத்தில் குழியின் வடிகாலையும் பாருங்கள். தண்ணீர் நின்றால் பவர் பேக் (மோட்டாரும் பம்பும் சேர்ந்த பகுதி) கெடும். உள்ளே இறங்கும் முன் தகட்டைத் தூக்கி, லெவலரோடு வரும் முட்டுக்கம்பியை நிறுத்தி, மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டி, சாவியை இறங்குகிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பேலட் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.