முதலில் காலைப் பாருங்கள்

கேள்வி: வண்டியை நிறுத்திவிட்டு அரை கிலோமீட்டர் நடந்து போய்க் கூடாரம் போடுவது எங்கள் வழக்கம். அங்கே பெஞ்ச், திண்ணை எதுவும் கிடையாது, வெறும் மணல். கம்பிகளைக் கோத்து மாட்டுகிற குட்டி நாற்காலி ஒன்று வாங்கினேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பின்கால்கள் புதைந்து மல்லாந்துவிடுகிறது. வேறு எது வாங்கலாம்?

பதில்: வேறு வாங்குவதற்கு முன் இருப்பதைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலைப் பாருங்கள். கடையில் எல்லோரும் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், சாய்ந்து பார்ப்பார்கள். காலடியை யாரும் பார்ப்பதில்லை. கடையின் தரை சிமெண்ட், அதில் எந்த நாற்காலியும் நன்றாகத்தான் நிற்கும்! உங்களுடையதில் நான்கு முனையிலும் நாணய அகலத்துக்கு ஒரு பூண் இருக்கும். ஒரு முழு ஆளின் எடையை அந்த நான்கு புள்ளிகள்தான் தாங்குகின்றன. அதிலும் சாய்ந்து உட்கார்ந்தால் பாரம் பெரும்பாலும் பின்னிரண்டு கால்களுக்குப் போய்விடுகிறது. மணல் என்ன செய்யும்?

பழைய டென்னிஸ் பந்து நான்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் கத்தியால் பெருக்கல் குறி மாதிரி கீறி, காலில் செருகிவிடுங்கள். ஈர மணலுக்கு இதுவே போதும். பொடி மணல் என்றால், நான்கு மூலையிலும் கால் நுழைய பை தைத்த விரிப்பு விற்கிறார்கள், அது இன்னும் நல்லது. சரிவான இடத்தில் பள்ளத்தைப் பார்த்து உட்காருங்கள். மேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் பின்கால்கள் பள்ளப் பக்கம் போய், புதையாமலே மல்லாத்திவிடும்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்றால், முன்காலையும் பின்காலையும் தரையோடு தரையாக ஒரே குழாய் இணைக்கிற தாழ்வான வகையைப் பாருங்கள். எடை கூடுதல்தான், ஆனால் புதையாது. குடை போலச் சுருங்கிப் பைக்குள் போகும் பெரிய நாற்காலி 3, 4 கிலோ வரும். கம்பி கோக்கும் நாற்காலி 1 கிலோ சுமார். நீங்கள் நடக்கிற தூரத்துக்கு ஆளுக்கு ஒரு பெரிய நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் கூடாரம், தண்ணீர், பாத்திரமெல்லாம் சேர்ந்தால் இரண்டு நடை ஆகிவிடும். அதனால் என் ஓட்டு குட்டி நாற்காலியும் டென்னிஸ் பந்தும்.

ஒன்று விட்டுப்போனது. குழாய்களை உள்ளே இருக்கும் எலாஸ்டிக் கயிறே இழுத்துச் சேர்த்துவிடும் என்று நம்பி அப்படியே துணியை மாட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரைகுறையாகச் செருகிய குழாய் பாரம் ஏறியதும் வாயில் பிளந்துகொள்ளும்.

கேள்வி: என் அம்மாவுக்கு முட்டிவலி. தாழ்வான நாற்காலி சரிப்படுமா?

பதில்: வேண்டாம். 30 செ.மீ. உயரத்தில் உட்காருவது சுகம், எழுவதுதான் பாடு. அவருக்கு 45 செ.மீ. அளவில், கைப்பிடி விறைப்பாக இருக்கிற நாற்காலி வேண்டும். வெறும் துணிப்பட்டையைக் கைப்பிடி என்று வைத்திருப்பார்கள், ஊன்றி எழுந்தால் தொய்ந்துவிடும்.

கேள்வி: சமையலுக்கு மடக்கு மேசை கட்டாயம் வேண்டுமா?

பதில்: நாற்காலி அளவுக்கு அவசியமில்லை. ஆனால் குனிந்து குனிந்து சமைத்து முதுகு பிடித்துக்கொள்பவர்களுக்கு வேண்டும். பாய் போல் சுருட்டும் அலுமினியப் பலகை மேசை நல்லது. நான்கு காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிகிறதா என்று கேளுங்கள். மேடுபள்ளத்தில் அந்த வசதி இல்லாவிட்டால் கல்லைத் தேடி முட்டுக் கொடுத்தே பொழுது போய்விடும். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்றை நடுவில் வைத்தால் எந்தக் கால் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் மேல்பலகையில் அடுப்பை வைக்காதீர்கள், உருகும். மழை வந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு வாசனை கிடையாது.

கேள்வி: மடக்குக் கட்டிலில் படுத்தால் தரையைவிடக் குளிர்கிறது. இது எப்படி? அப்புறம், அதன் கடைசிக் குறுக்குக் கம்பியை மாட்டவே முடியவில்லை.

பதில்: கட்டிலுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அது முதுகுச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். தூங்கும் பைக்குள் இருக்கும் பஞ்சும் உங்கள் எடையில் நசுங்கிவிடுவதால் கீழ்ப்பக்கம் அது உதவாது. கட்டில் மேல் ஒரு நுரைப்பாய் போட்டுப் படுங்கள்.

குறுக்குக் கம்பிக்கு வலு காட்ட வேண்டாம். புதுத் துணி இறுக்கமாகத்தான் இருக்கும். வீட்டிலேயே இரண்டு பேராக மாட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவையுங்கள், துணி கொஞ்சம் இளகும். கூடாரத்துக்குள் போடுவதானால் கால்களுக்கு அடியில் பழைய பாய் விரியுங்கள், இல்லாவிட்டால் கூடாரத்தின் தரைத்துணி ஓட்டையாகும்.

கேள்வி: நாற்காலிகளை எங்கே போடலாம்? பெரிய மரத்தடி, காய்ந்த ஓடை இரண்டும் சமதளமாக இருக்கின்றன.

பதில்: ஓடை வேண்டவே வேண்டாம். எங்கோ மேலே பெய்த மழை இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும். மரத்தடி என்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள், பட்டுப்போன கிளை தொங்கினால் தள்ளிப் போடுங்கள். தண்ணீர்க் கரையிலிருந்து 60 மீட்டராவது விலகியிருந்தால் அங்கே தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கும் நல்லது. இடத்தைச் சமமாக்க மண்ணை வெட்டாதீர்கள், நாற்காலியை நகர்த்துவது அதைவிட எளிது.