கிருமி இல்லைன்னு ரிப்போர்ட் வந்தாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்?

கேள்வி: வயசு 36. எட்டு மாசமா ஹெச்ஐவிக்கு ஏஆர்டி சென்டர் (ஹெச்ஐவி மருந்து குடுக்குற இடம்) மாத்திரை சாப்பிடுறேன். ரத்தத்துல சிடி4 அணு எண்ணிக்கை 180ல இருந்து 390 ஆயிருக்கு. ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பாக்குற வைரல் லோடு ரிப்போர்ட்ல 'டார்கெட் நாட் டிடெக்டட்' (வைரஸ் தென்படல)னு இருக்கு. இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துடும், இனி கஷாயம் போதும்னு ஊர்ல ஒருத்தர் சொல்றார். நிறுத்திடலாமா? கால்சியம் மாத்திரையும் எடுக்குறேன்.

பதில்: நிறுத்தாதீங்க தம்பி. அந்த ரிப்போர்ட் சொல்றது உங்க ரத்தத்துல மிதக்குற வைரஸைப் பத்தி மட்டும்தான். சிடி4 அணு நம்ம உடம்புக்கு மேஸ்திரி மாதிரி, கிருமி வந்தா மத்த அணுக்களை ஏவி வேலை வாங்குறது அதுதான், ஹெச்ஐவி நேரா அந்த மேஸ்திரிக்குள்ளயே போய் அதோட டிஎன்ஏவுல தன்னோடதைச் செருகிட்டு அங்கேயே பெருகுது, அப்படியே மேஸ்திரிங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போக 200க்குக் கீழ வந்ததும் டிபி, நிமோனியான்னு ஒவ்வொண்ணா உள்ள நுழையும். நீங்க 180ல இருந்தீங்க, ஞாபகம் இருக்கட்டும்.

உங்க ஒரே மாத்திரைக்குள்ள டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்னு மூணு மருந்து இருக்கு. மூணும் புது அணுக்குள்ள வைரஸ் குடியேறாம தடுக்கும், அவ்வளவுதான். ஏற்கனவே குடியேறி தூங்கிட்டு இருக்குறதை எந்த மருந்தும் இன்னும் தொட முடியல. மாத்திரையை விட்டா பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலயே திரும்பி எழுந்துக்கும். சிடி4 நல்லா இருக்கும்போது நிறுத்திப் பாக்கலாமேன்னு 5,472 பேரை வெச்சு ஸ்மார்ட்னு ஒரு ஆய்வே பண்ணாங்க, நிறுத்தினவங்க கூட்டத்துல நோயும் சாவும் அதிகமாகி 2006ல அதைப் பாதியிலயே முடிச்சுக்கிட்டாங்க.

கிட்னி விஷயம் முழுப் பொய்னு நான் சொல்லல, டெனோஃபோவிர் சிலருக்கு கிட்னியைத் தொடும், அதுக்குத்தான் கிட்னி ஒழுங்கா வேலை செய்யுதான்னு காட்டுற கிரியேட்டினின் டெஸ்ட் பாக்குறது, ஏறினா மருந்தை மாத்திக் குடுப்பாங்க. ஆனா அந்தக் கஷாயத்துல என்ன கலந்திருக்குன்னு அவருக்கே தெரியுமோ என்னவோ.

கால்சியம்தான் நான் கவனிச்ச விஷயம். வெறும் வயித்துல ரெண்டையும் சேத்துப் போட்டா டோலுடெக்ராவிர் ஒழுங்கா உடம்புல சேராது. சாப்பாட்டோட சேத்துப் போடுங்க, இல்லன்னா ஏஆர்டி மாத்திரையை முதல்ல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு கால்சியம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். அடுத்த தடவை சென்டருக்குப் போகும்போது கால்சியம் அட்டையையும் கையில எடுத்துட்டுப் போய் காட்டுங்க.