முதலில் மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் தேனிக்குப் பக்கத்தில். சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் ஒரு சைக்காலஜிஸ்ட் பரிசோதித்து, ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் படபடப்பும் சேர்ந்த கோளாறு என்று 14 பக்க ரிப்போர்ட் கொடுத்தார். மருந்துக்கு டாக்டரைப் பாருங்கள் என்றார். இங்கே பார்த்த டாக்டர், "இன்ஜினீயரிங் முடிச்சிருக்கீங்க, உங்களுக்கு எப்படிம்மா இது வரும்?" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். ஒரு ஆப்பில் கேட்டால் ஏடிஹெச்டி மருந்தை எழுத மாட்டோம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். நான் யாரைத்தான் பார்ப்பது?

பதில்: மனநல மருத்துவரை, அதுவும் நேரில். பெயருக்குப் பின்னால் எம்.டி. சைக்யாட்ரி, டி.பி.எம்., டி.என்.பி. சைக்யாட்ரி இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சைக்காலஜிஸ்ட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மருந்து எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது. உங்களுடையவர் அதை நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பயன்படும்.

ஆப்காரர்கள் சொன்னதும் உண்மைதான். இந்த நோய்க்கு முதலில் யோசிக்கும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். மருந்துச் சட்ட விதிகளில் அது கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கான 'எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் அதன் பெயர் உண்டு. இந்த இரண்டில் எதில் இருந்தாலும் வீடியோவில் பார்த்து எழுதக்கூடாது என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே வீடியோ காலில் பேசிவிட்டு மெத்தில்ஃபெனிடேட்டைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் டாக்டராகவே இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

சரி, எந்த மனநல மருத்துவர்? பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். கூகுளில் நட்சத்திரம் பார்த்து ஒருவரிடம் போவார்கள். அவர் அந்த மருந்தை எழுதியே பழக்கமில்லாதவராக இருப்பார். ஃபீஸ் போகும், ஒரு நாள் லீவும் போகும். நான் தலைகீழாகத் தேடச் சொல்வேன். எக்ஸ் பட்டியல் மருந்தை விற்கக் கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், பூட்டிய அலமாரி வேண்டும், தனிப் பதிவேடு வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே தெருமுனைக் கடைகள் அதை வைப்பதில்லை. ஒரு ஊரில் வைத்திருக்கும் கடைகள் மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உள்ளேயோ எதிரிலோதான். அப்படி ஒரு கடையைக் கண்டுபிடித்து, மெத்தில்ஃபெனிடேட் ஸ்டாக் இருக்கிறதா, யார் யார் எழுதிய சீட்டு உங்களிடம் வருகிறது என்று கேளுங்கள். எந்த டாக்டரின் பெயர் அடிக்கடி வருகிறது என்று கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரியும். அந்த டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு அது மதுரையாக இருக்கலாம்.

செலவுக்குக் கை கடிக்கிறது என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். மாத்திரை அங்கே இல்லையென்று வெளியில் எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. கையில் சீட்டு வந்துவிட்டது அல்லவா?

அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் பெயர், முகவரி, தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மாத்திரை, எல்லாம் இருக்க வேண்டும். மனநல மருத்துவரான நானே, கம்பத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு 10 மி.கி., காலை ஒன்று, மதியம் ஒன்று, முப்பது நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 60 என்று போட மறந்துவிட்டேன். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார், நானும் அதற்குள் கிளம்பிவிட்டேன். பையன் வெறுங்கையோடு ஊருக்குப் பஸ் ஏற, மறுநாள் அவன் அப்பா அதே சீட்டோடு வந்து நின்றார். தப்பு என்னுடையது. ஆனால் அதே கடையில் ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டே இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதைக் கேட்க நாதியில்லை. பரீட்சை எழுதப் போகும் பையனிடம்தான் சட்டம் அத்தனை கறாராக இருக்கிறது. சீட்டை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எங்களுக்கும் மறதி உண்டு.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டமாக்ஸிட்டின் என்று இன்னொரு மருந்து உண்டு. அது எக்ஸ் பட்டியலில் இல்லை, போதைப்பொருள் சட்டத்திலும் இல்லை. சாதாரணச் சீட்டு போதும். கடையில் இல்லாவிட்டாலும் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஒருமுறை நேரில் பார்த்த மருத்துவர் தொடர்ச்சியை வீடியோவிலும் பார்க்கலாம். உங்களைப் போலச் சிற்றூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மெத்தில்ஃபெனிடேட் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும், அட்டமாக்ஸிட்டின் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம்கூட ஆகும். முதல் பத்து நாளில் குமட்டலும் பசியின்மையும் வாய் உலர்வதும்தான் தெரியும். அங்கேயே பலர் நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ ஏற்கெனவே சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறிவிடும். இன்னொன்று. சிலர் அட்டமாக்ஸிட்டினை முதலில் எழுதுவது உங்கள் உடம்புக்கு அது பொருந்தும் என்பதற்காக இல்லை, தங்களுக்கு எழுத்து வேலை மிச்சம் என்பதற்காக. "எனக்கு ஏன் சார் இது?" என்று கேளுங்கள். காரணம் சொன்னால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த பேக்கேஜ். அதில் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: 'பிரெயின் மேப்பிங்' இருக்கும், மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பயிற்சி கொடுக்கும் நியூரோஃபீட்பேக் பத்து அமர்வு இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கும், கடைசி வரியில் 'மருத்துவர் ஆலோசனை' இருக்கும். ஏடிஹெச்டி ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் வண்ணப் படத்திலும் தெரியாது. உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் இந்தக் கூட்டம் அந்தப் பேச்சுக்கு மட்டும் நேரம் ஒதுக்காது. பணம் கட்டாதீர்கள்.

இதைவிட மோசம், டெலிகிராமில் மாத்திரையின் படத்தைப் போட்டுச் சீட்டு வேண்டாம் என்று விற்பவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அசலாகவே இருந்தாலும் சீட்டில்லாமல் வைத்திருப்பது போதைப்பொருள் வழக்கு. விற்றவன் கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவான், பார்சலில் இருப்பது உங்கள் முகவரி.

தூக்க மாத்திரை எழுதியவரைப் பற்றி நாகரிகமாகச் சொல்ல முயல்கிறேன். இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு இந்த நோய் வராது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி விழித்துப் படித்தே பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வருகிறார்கள். 12 வயதுக்கு முன்பே இந்தச் சிக்கல்கள் இருந்தனவா என்பதுதான் கேள்வி. ஆகவே பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது' என்று டீச்சர் எழுதிய ஒரு வரி 14 பக்க ரிப்போர்ட்டுக்குச் சமம். அம்மாவையும் கூட்டிப் போங்கள். வர முடியாவிட்டால் போனிலாவது பேசச் சொல்லுங்கள். ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்க்காமல் யாராவது மருந்து எழுதினால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதயக் கோளாறு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் மறைக்காதீர்கள்.

பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல், பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கடைக்குப் போன் போட்டு ஸ்டாக் கேளுங்கள். இந்த மருந்து திடீரென்று வாரக்கணக்கில் கிடைக்காமல் போகும், ஏன் என்று கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டுவார், அவர் கம்பெனியைக் கை காட்டுவார். இருக்கிறது என்று சொன்னால் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.